பீடம் ஏறிய கரி எஞ்சினும் படத்தில் விடுபட்டவர்களும்

புகைவண்டி என்ற சொல்லைத் தமிழில் முதலில் ஆக்கியவர் யாராக இருந்தாலும், அவர் கண்ணால் பார்த்துப் பெயர் வைத்தவர் என்பதில் ஐயமில்லை. வெள்ளைக்காரன் கீழே கிடந்த தண்டவாளத்தைப் பார்த்துப் பெயர் வைத்தான். நம்மவர் மேலே போன புகையைப் பார்த்தார்கள். பிற்பாடு தனித்தமிழ் அன்பர்கள் ‘தொடர்வண்டி’ என்றார்கள். அதுவும் நல்ல சொல்தான். ஆனால் தொடர்வண்டி என்று சொல்லும்போது மூக்குக்கு ஒன்றும் எட்டுவதில்லை. புகைவண்டி என்றால் எட்டுகிறது.

அந்தப் புகை நின்றுபோயிற்று. அகலப்பாதையில் நீராவி எஞ்சின் இழுத்த கடைசி அன்றாடப் பயணி வண்டி 1995 டிசம்பர் 6 அன்று பஞ்சாபில் பெரோஸ்பூருக்கும் ஜலந்தருக்கும் இடையே ஓடியது. நம் ஜோலார்பேட்டை–பெங்களூர் பாதையில் அதற்கும் முன்பே கரி எஞ்சின் மறைந்துவிட்டது. இன்று அதைப் பார்க்க வேண்டுமானால் மூன்று இடம்தான்: அருங்காட்சியகப் பீடம், சில மலைப்பாதைகள், படங்கள். இக்கட்டுரை மூன்றாவதைப் பற்றியது. கரி எஞ்சினை எப்படிப் படம் எடுத்திருக்கிறோம், எதை எடுக்காமல் விட்டோம் என்பதே இங்கு நான் நோக்குவது.

இம்மலரில் ரயில் படங்களுக்குச் சில பக்கங்கள் ஒதுக்கலாம் என்று நம் சங்கத்தில் பேச்சு வந்தது. காரணம் எல்லோருக்கும் தெரிந்ததே. குப்பம், பங்காருப்பேட்டை, பெங்களூர் என்று இந்தப் பாதை ஓரத்தில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கும் ஏதாவது ஒரு ரயில்வே தொடர்பு உண்டு. தாத்தா ஜோலார்பேட்டை லோகோ ஷெட்டில், பெரியப்பா பெங்களூரில் கார்டு, மாமா ஹூப்ளி ஒர்க்‌ஷாப்பில் என்று சொல்லாத வீடு குறைவு. 1864-ல் மதராஸ் ரயில்வே கம்பெனி ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூருக்குக் கிளைப்பாதை போட்டபோதே நம்மவரின் இடப்பெயர்ச்சியும் தொடங்கிவிட்டது எனலாம். ஆகவே படங்கள் வந்து குவிந்தன. அவற்றை வாங்கி வைக்கும் பொறுப்பு, கடை பஜாரில் இருப்பதால், என் தலையில் விழுந்தது.

நான் பாத்திர வியாபாரி. பித்தளை, வெண்கலம், இப்போது பெரும்பாலும் எவர்சில்வர். தமிழ்ச் சமணன். இந்த ஊரில் சமணன் என்றாலே ‘சேட்டு’ என்று எண்ணி இந்தியில் பேச ஆரம்பித்துவிடுவார்கள். வந்தவாசிப் பக்கத்து நயினார் நான், சேட்டு இல்லை என்று விளக்கி முடிப்பதற்குள் வந்தவர் சாமானை வாங்கிக்கொண்டு போய்விடுவார். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், படக்கலையை நான் எந்தக் கல்லூரியிலும் படித்தவன் அல்லன். ஆனால் நாற்பது வருடமாகப் பழைய பாத்திரத்தைக் கையில் வாங்கிப் பார்த்து, இது எவ்வளவு காலம் புழங்கியது, அடுப்பில் ஏறியதா, பூஜை அறையில் இருந்ததா என்று சொல்லிப் பழகிய கண் இது. அந்தக் கண்ணோடுதான் படங்களைப் பார்த்தேன்.

வந்த படங்களில் பெரும்பகுதி ஒரே அச்சில் வார்த்தவை. டெல்லி தேசிய ரயில் அருங்காட்சியகம், மைசூர் ரயில் அருங்காட்சியகம், சென்னையில் ஐ.சி.எஃப். பக்கத்து ரயில் அருங்காட்சியகம். பளபளவென்று வண்ணம் பூசிய எஞ்சின். அதன் முன்னால் பிள்ளைகள், ஒரு கை கைப்பிடிக் கம்பியில். தரையில் புல், பின்னால் வேலி. டெல்லி அருங்காட்சியகம் 1977-லும் மைசூர் 1979-லும் சென்னை 2002-லும் திறக்கப்பட்டவை. மூன்றிலும் எடுத்த படங்களைக் கலந்து வைத்தால் எது எந்த ஊர் என்று எடுத்தவராலேயே பிரித்துச் சொல்ல முடியாது. நான் சோதித்தே பார்த்தேன். இரண்டு பேர் மாற்றிச் சொன்னார்கள்.

இது ஏன் என்று யோசிக்க வேண்டும். நம் இலக்கணத்தில் ஒரு பாட்டுக்கு முதல், கரு, உரி என்று மூன்று பொருள் சொல்லியிருக்கிறார்கள். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த நிலத்துக்குரிய மரம், பறவை, தொழில், பறை, ஊண் எல்லாம் கருப்பொருள். அதற்குள் நிகழும் மனித உணர்ச்சி உரிப்பொருள். (தொல்காப்பியர் எங்கள் சமயத்தவரா என்ற வழக்கை இங்கே கிளப்ப மாட்டேன், பயப்பட வேண்டாம்.) இந்த அளவுகோலைப் படத்துக்கு வைத்துப் பார்த்தால் விஷயம் தெளிவாகிறது. பீடத்து எஞ்சினுக்கு நிலம் இல்லை. எந்த ஊர்ப் புல்லும் அதற்கு ஒன்றுதான். பொழுதும் இல்லை, வாசல் திறக்கும் நேரம், மூடும் நேரம் என்று இரண்டே உண்டு. கரி, தண்ணீர், எண்ணெய்த்துணி, சாம்பல் இவைதாம் கரி எஞ்சினின் கருப்பொருள். அவை கழுவித் துடைக்கப்பட்டுவிட்டன. மிஞ்சி நிற்பது எஞ்சின் என்ற ஒரு பெயர்ச்சொல் மட்டும்.

வண்ணப்பூச்சைப் பற்றி என் தொழில் அறிவில் ஒன்று சொல்ல வேண்டும். பழைய வெண்கலப் பானை ஒன்று கடைக்கு வந்தால் நான் முதலில் பார்ப்பது அதன் அடிப்பாகத்தை. அங்கேதான் அதன் வரலாறு இருக்கிறது. நெருப்பு பட்ட கருமை, தேய்ந்த விளிம்பு, எங்கோ விழுந்த நசுக்கல், ஈயம் பூசிய தடம். அதை மெஷினில் போட்டு மெருகேற்றிவிட்டால் பானை புதிதாகத் தெரியும். விவரம் தெரிந்தவர் விலையைக் குறைப்பார். எஞ்சினுக்கும் இதுதான். விழாவுக்கு விழா ஒரு கோட்டு பெயின்ட் அடித்து அடித்து, ஆணித்தலைகள் மொழுங்கிப் போகின்றன. தயாரித்த கம்பெனியின் பெயர் வார்த்த தகட்டின் எழுத்துகள் பெயின்டுக்குள் மூழ்கிப் போகின்றன. கைப்பிடிக் கம்பியில் டிரைவரின் கை பட்டுத் தேய்ந்த இடம் என்று ஒன்று இருந்திருக்குமே, அதுவும் போயிற்று. பராமரிப்பவர்களைக் குறை சொல்லவில்லை. மழையில் நிற்கும் இரும்புக்குப் பூச்சு வேண்டும். ஆனால் படம் எடுக்கிறவர் அந்தப் பூச்சையே அழகு என்று எண்ணி எடுத்து வருவதுதான் எனக்கு ஒவ்வாதது.

இனி இரண்டாவது வகை. ரயிலை ஒரு கலையாகப் பின்பற்றும் இளைஞர்கள் சிலர் நம் குடும்பங்களிலும் இருக்கிறார்கள். அவர்கள் எடுத்த படங்கள் தொழில் நேர்த்தி உள்ளவை, மறுக்க முடியாது. அவர்களுக்கென்று விதிமுறை இருக்கிறது. எஞ்சினை நேர் முன்னாலிருந்தும் எடுக்கக்கூடாது, நேர் பக்கவாட்டிலும் எடுக்கக்கூடாது. முகமும் விலாவும் சேர்ந்து தெரியும்படி கோணத்தில் எடுக்க வேண்டும். வெயில் தாழ்ந்து பக்கத்திலிருந்து விழ வேண்டும், இல்லையென்றால் கொதிகலனின் நிழலில் சக்கரம் மறைந்துவிடும். சக்கரங்களை இணைக்கும் தண்டு கீழ்நிலையில் இருக்கும்போது ‘கிளிக்’ செய்ய வேண்டும். எண் தெரிய வேண்டும். சிம்னிக்குப் பின்னால் கம்பம் முளைத்தது போல நிற்கக்கூடாது. ஆள் குறுக்கே வரக்கூடாது.

கடைசி விதியில்தான் எனக்கு வழக்கு. மற்ற விதிகள் எல்லாம் நியாயமானவை. கரிய நிற எஞ்சினை உச்சி வெயிலில் எடுத்தால் கரிக்கட்டி மாதிரி ஒரு இருட்டுதான் படத்தில் விழும். எண் தெரிந்தால்தான் அது எங்கே எப்போது பிறந்தது என்று பிறகு கண்டுபிடிக்கலாம். இவர்கள் எண்ணைப் படிப்பதைக் கேட்டால் ஜாதகம் பார்ப்பது போல இருக்கும். ‘டபிள்யூ.பி.’ என்றால் அகலப்பாதைப் பயணி வண்டி எஞ்சின், துப்பாக்கிக் குண்டு போல மூக்கு நீண்டது, மூக்கில் நட்சத்திரம் வரைவார்கள், முதல் தொகுதி 1947-ல் அமெரிக்காவின் பால்ட்வின் கம்பெனியிலிருந்து வந்தது, மொத்தம் 755. ‘டபிள்யூ.ஜி.’ என்றால் சரக்கு எஞ்சின், சுமார் 2450, சித்தரஞ்சன் தொழிற்சாலையின் முதல் எஞ்சின் 8401 ‘தேசபந்து’, 1950 நவம்பர் 1, அங்கே கடைசியாகச் செய்த அகலப்பாதை நீராவி எஞ்சின் 10560 ‘அந்திம் சிதாரா’, 1970. இவ்வளவும் ஒரு பையன் என் கடையில் நின்றபடி மூச்சுவிடாமல் சொன்னான். கேட்க மகிழ்ச்சியாக இருந்தது. பிறகு நான் கேட்டேன்: “தம்பி, இந்த எஞ்சின்ல எத்தனை பேர் வேலை செஞ்சாங்க?” யோசித்தான். “டிரைவர் ஒருத்தர், அங்கிள்... ஹெல்ப்பர் ஒருத்தர்?”

டிரைவர் ஒருவர், ஃபயர்மேன் இருவர். ஒருவர் கரியை உடைத்து முன்னே தள்ள, இன்னொருவர் மண்வெட்டியால் வாரி நெருப்புப் பெட்டிக்குள் வீசுவார். முன்னால் தகிக்கும் நெருப்பு, பின்னால் காற்றும் மழையும். ஆளை ஒதுக்கிவிட்டு எஞ்சினை மட்டும் எடுப்பதை விதியாக்கினால், இப்படி எண் தெரிந்து ஆள் தெரியாத தலைமுறைதான் வரும்.

எஞ்சினை நன்றாக எடுக்க ஆளை ஒதுக்கவேண்டியதில்லை என்பதற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. அமெரிக்காவில் ஓ. வின்ஸ்டன் லிங்க் என்ற விளம்பரப் புகைப்படக்காரர், நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் ரயில்வேயில் நீராவி ஒழிக்கப்பட்டுக்கொண்டிருந்த 1955 முதல் 1960 வரையான ஆண்டுகளில், பெரும்பாலும் இரவில் படம் எடுத்தார். தண்டவாள ஓரமெல்லாம் கம்பி இழுத்து, ஏராளமான பிளாஷ் பல்புகளை ஒரே நொடியில் எரியவைத்துப் படம் பிடிப்பார். அவருடைய மிகப் புகழ்பெற்ற படம் 1956-ல் மேற்கு வர்ஜீனியாவில் எடுத்தது. திறந்தவெளித் திரையரங்கு. காரில் அமர்ந்து ஓர் ஆணும் பெண்ணும் சினிமா பார்க்கிறார்கள். திரையில் விமானம். பின்னால் புகையைக் கக்கிக்கொண்டு ஓடுகிறது கரி எஞ்சின். அந்த ஜோடி அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. பிளாஷ் வெளிச்சத்தில் திரை வெளுத்துப் போனதால் விமானத்தைப் பிற்பாடு சேர்த்தார் என்பது தெரிந்த செய்திதான். ஜோடித்த படம் என்று சிலர் குறை சொல்வார்கள். எனக்கு அது குறையாகப் படவில்லை. கார் வந்துவிட்டது, விமானம் வந்துவிட்டது, எஞ்சினை யாரும் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை என்ற உரிப்பொருள் அந்த ஒரு படத்தில் இருக்கிறது. நிலம் இருக்கிறது, இரவு இருக்கிறது. இத்தனைக்கும் எஞ்சின் ஓர் ஓரத்தில் சிறியதாகத்தான் நிற்கிறது. லிங்க் அதோடு நிற்காமல் எஞ்சின்களின் ஓசையையும் ஒலிப்பதிவு செய்து இசைத்தட்டாக வெளியிட்டார். அந்த யோசனை நம் பக்கத்தில் அக்காலத்தில் யாருக்கும் வந்ததாகத் தெரியவில்லை.

நம்மிடம் இதற்கு நிகராக ஒன்றும் இல்லையா என்றால், புகைப்படத்தில் குறைவு, சினிமாவில் உண்டு. 1964-ல் வந்த ‘பச்சை விளக்கு’ படத்தில் சிவாஜி கணேசன் எஞ்சின் டிரைவர். எஞ்சினில் நின்றபடி அவர் பாடும் காட்சியை நம் தலைமுறை மறக்காது. நடிப்பு மிகை என்று இன்றைய பிள்ளைகள் சொல்லலாம். ஆனால் எஞ்சின் அங்கே ஒரு குடும்பத்தலைவனின் பிழைப்பாக இருக்கிறது, காட்சிப்பொருளாக இல்லை. 1982-ல் பாலு மகேந்திராவின் ‘மூன்றாம் பிறை’. கடைசிக் காட்சி நீலகிரியில் கேத்தி ரயில் நிலையத்தில். அந்த மழையும் அந்தப் பிரிவும் எல்லோருக்கும் நினைவிருக்கும். நான் சொல்ல வருவது, அங்கே வண்டி புறப்படுவதுதான் கதையின் முடிவு. புறப்பாட்டின் அந்த இரக்கமின்மை மனதில் தைக்கிறது. இதற்குப் பிறகு அதே மலைப்பாதையில் 1998-ல் ‘உயிரே’ படத்துக்காக வண்டிக் கூரைமேல் ஆட்டம் ஆடினார்கள். பாட்டு நன்றாகத்தான் இருக்கிறது; ஆனால் வண்டி அங்கே மேடை, அவ்வளவுதான்.

மலைப்பாதை என்றதும் சற்று நின்று பேச வேண்டும். கரி எஞ்சின் இன்றும் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும் இடம் நமக்கு அதுதான். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899-லும் ஊட்டி வரை 1908-லும் போட்ட 46 கிலோமீட்டர் பாதை. 2005-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம். கல்லாற்றைத் தாண்டியதும் தண்டவாளங்களுக்கு நடுவே பற்சட்டம் தொடங்கும். 12½ அடிக்கு ஓர் அடி ஏற்றம். சுவிட்சர்லாந்தில் விண்டர்தூர் நகரில் செய்த எக்ஸ் வகை எஞ்சினுக்கு நான்கு சிலிண்டர். கீழ் இரண்டும் சக்கரத்தைச் சுழற்றும். அங்கே வேலை முடித்த நீராவியே மேல் இரண்டுக்கும் போய்ப் பற்சக்கரத்தைச் சுழற்றும். ஒரே நீராவிக்கு இரண்டு வேலை. வியாபாரியாகிய எனக்கு இந்தச் சிக்கனம் மிகவும் பிடித்தது.

நம் அன்பர்கள் கொடுத்த நீலகிரிப் படங்கள் பத்துப் பன்னிரண்டு இருக்கும். ஏறக்குறைய எல்லாம் ஹில்குரோவில் தண்ணீர் பிடிக்க வண்டி நின்றபோது இறங்கி எடுத்தவை. ஆவி சூழ எஞ்சின், பக்கத்தில் மனைவி மக்கள். தப்பில்லை, நானும் அப்படி நின்றிருக்கிறேன். ஆனால் ஒன்றை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. மலை ஏறும்போது எஞ்சின் முன்னால் இழுப்பதில்லை, பின்னாலிருந்து தள்ளுகிறது. அதனால் அந்த வண்டியின் முகத்தில் இருப்பது எஞ்சின் அல்ல, முதல் பெட்டியின் முகப்பில் கையில் கொடியோடு நிற்கும் பிரேக்ஸ்மேன். எஞ்சின் டிரைவருக்கு முன்பாதை தெரியாது. இந்த மனிதரின் கண்தான் அவருக்குக் கண். ஒவ்வொரு பெட்டியிலும் இப்படி ஒருவர் இருந்து, இறக்கத்தில் தத்தம் பெட்டிக்குப் பிரேக் பிடிப்பார். மலைமேல் கொடி அசைய, கீழே இருப்பவர் அதைப் பார்த்து நீராவியைக் கூட்டுகிறார், குறைக்கிறார். இந்த உறவை எடுத்த படம் ஒன்றுகூட நம் குவியலில் இல்லை. ஒரு படத்தில் மட்டும், ஓரத்தில், பாதி வெட்டுப்பட்ட ஒரு காக்கிச் சட்டைத் தோளும் சுருட்டிய பச்சைக்கொடியும் தெரிகின்றன. எடுத்தவர் அதை ஒதுக்கத்தான் பார்த்திருக்கிறார். எனக்கு அந்த நீலகிரிப் படங்களிலெல்லாம் அதுவே சிறந்த படமாகப்பட்டது.

பழைய எஞ்சின் என்று எதைச் சொல்வது என்பதிலும் நமக்குத் தெளிவு வேண்டும். ‘ஃபேரி குயின்’ 1855-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் செய்தது. ஓடும் நிலையில் உள்ள உலகின் மிகப் பழைய நீராவி எஞ்சின் என்று 1998-ல் கின்னஸ் சான்று பெற்றது. அதன் படம் போட்டவர்கள் எல்லோரும் லீட்ஸ் என்று எழுதுகிறார்கள். 88 ஆண்டு நின்றிருந்த அதை 1997-ல் ஓடவைத்தது சென்னைப் பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ் தொழிலாளர்கள். 2011-ல் அதன் பாகங்கள் திருட்டுப்போயின (பழைய உலோகத்தின் விலை தெரிந்த எனக்கு இது வியப்பில்லை, வருத்தம்தான்). மறுபடியும் சரிசெய்து 2017-ல் ஓடியது. அதன் உடன்பிறப்பான இ.ஐ.ஆர். 21 எஞ்சினும் 1855-ஐச் சேர்ந்ததே. நூறாண்டு பீடத்தில் நின்றதை 2010-ல் பெரம்பூரிலேயே உயிர்ப்பித்தார்கள். 2019 சுதந்திர தினத்தன்று எழும்பூருக்கும் கோடம்பாக்கத்துக்கும் இடையே ஓட்டியும் காட்டினார்கள். அப்படியே நீலகிரி எஞ்சின்களும். சுவிஸ் எஞ்சின்கள் என்கிறோம். ஆனால் அந்த வடிவத்தைப் பின்பற்றித் திருச்சி பொன்மலைப் பணிமனையில் புதிதாகவே செய்து அனுப்பியிருக்கிறார்கள். எண்ணெயில் எரிவதும் செய்தார்கள். 2021-ல் கரியில் எரிவதும் செய்து அனுப்பினார்கள். ஆகவே நாம் படத்தில் பிடிப்பது விண்டர்தூரா, பொன்மலையா? லீட்ஸா, பெரம்பூரா? பழைய குடத்துக்கு வாய் மாற்றி, அடி மாற்றிக் கொடுத்த கன்னானின் பெயரை யாரும் குடத்தில் வெட்டுவதில்லை, மெய்தான். ஆனால் கட்டுரை எழுதுகிற நாமாவது சொல்லலாமே.

அடுத்து, நினைவுகளைப் பற்றி. படத்தோடு ஒவ்வொருவரும் ஒரு பக்கம் நினைவும் எழுதிக் கொடுத்தார்கள். படிக்க இனிக்கிறது. ஜன்னலில் தலை நீட்டிக் கண்ணில் கரித்தூள் விழுந்தது, வெள்ளை வேட்டி திருமணத்துக்குப் போய்ச் சேருவதற்குள் புள்ளி வேட்டியானது, அம்மா முந்தானையை வாயில் ஒத்தி ஊதிக் கண்ணில் வைத்தது. இவையெல்லாம் உண்மை என்பதற்குச் சாட்சியம் தேவையில்லை. நம் எல்லோர் கண்ணும் சாட்சி. ஜோலார்பேட்டையிலிருந்து குப்பம் வரும் வழி மேட்டுப்பாதை. பச்சூர் தாண்டி எஞ்சின் மூச்சு வாங்குவது எங்களுக்குத் தூரத்திலேயே கேட்கும். ஆனால் ‘அந்தக் காலத்தில் வண்டி எல்லாம் சொன்ன நேரத்துக்கு வரும், எல்லோரும் சந்தோஷமாக வேலை செய்தார்கள்’ என்று நால்வர் எழுதியிருக்கிறார்கள். அங்கேதான் நான் பேனாவைக் கீழே வைத்தேன். 1974 மே மாதம் நாடு முழுக்க இருபது நாள் ரயில் நிறுத்தம் நடந்ததே, அது சந்தோஷத்திலா நடந்தது? வேலை நேரம் என்று ஒரு வரையறை இல்லாமல் லோகோ தொழிலாளர்கள் பட்ட பாடு அதற்கு ஒரு முக்கியக் காரணம். கரி எஞ்சினை நேசிப்பது வேறு, கரி எஞ்சினோடு வாழ்ந்தவரின் வாழ்க்கையை இனிப்புத் தடவிச் சொல்வது வேறு.

இதை ஒருவரிடம் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளலாம் என்று, குப்பத்தில் மகளோடு இருக்கும் ஓய்வுபெற்ற ஃபயர்மேன் ஒருவரைப் பார்க்கப் போனேன். எண்பதைத் தாண்டியவர். ஜோலார்பேட்டை ஷெட்டில் வேலை பார்த்தவர். பளபளப்பான அருங்காட்சியகப் படங்களைக் காட்டினேன். ஒவ்வொன்றாகப் பார்த்தார், மரியாதைக்கு.

“எப்படி இருக்கு அண்ணே?”

“கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருக்கு நயினாரே. இவன் எங்க மேடு ஏறப்போறான்?”

பிறகு அவரே சொன்னார். கரி நல்லதாக வந்தால் நெருப்பு சொன்னபடி கேட்கும். கல்லும் மண்ணும் கலந்து வந்தால் பாய்லரில் பிரஷர் ஏறாது. மேட்டில் வண்டி நின்றுபோகும். நின்றால் கேள்வி இவரிடம்தான் வரும், கரியிடம் வராது. வீட்டுக்குப் போனால் பிள்ளைகள் கிட்டே வராது. கண்ணும் பல்லும் மட்டும் வெள்ளையாக நின்றால் குழந்தை அழத்தானே செய்யும். சட்டையைத் துவைக்கிற தண்ணீர் மூன்றாம் அலசலிலும் கறுப்பாகத்தான் போகும். “ஆனா ஒண்ணு, எஞ்சின் மேல கோபம் வந்ததே இல்ல” என்றும் சொன்னார்.

அவரிடம் காட்ட நான் தனியாக எடுத்துப்போன படம் ஒன்று உண்டு. அதைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவும். மூன்றாவது வகை என்று வைத்துக்கொள்ளுங்கள். ரயில்வே வீடுகளில் கூடத்துச் சுவரில் மாட்டியிருக்குமே, பணி ஓய்வு நாள் படம். மாலை போட்டவர் நடுவில், இருபுறமும் உடன் வேலை செய்தவர்கள், பின்னால் அவர் ஓட்டிய எஞ்சின். நம் குவியலில் அப்படி ஒரே ஒரு படம் வந்தது. கொடுத்த அம்மையார் தயங்கித் தயங்கிக் கொடுத்தார். “இதெல்லாம் போடமாட்டீங்க, பூஞ்சை பிடிச்சிருக்கு. வேணாம்னா சொல்லுங்க, வீடு மாத்தறோம், எடுத்துப் போட்டுடலாம்னு இருந்தோம்.” எடுத்துப் போடுவது என்றால் குப்பையில்.

திறனாய்வாளன் என்ற முறையில் அந்தப் படத்தைப் பார்ப்போம். கறுப்பு வெள்ளை. இடது மேல்மூலையில் பூஞ்சை. ஸ்டூடியோக்காரர் ஷெட்டுக்கே வந்து எடுத்திருக்கிறார். வெளிச்சம் சாயங்காலம், ஆட்களின் நிழல் நீளமாக எஞ்சின் சக்கரத்தின்மேல் விழுகிறது. விதிப்படி பார்த்தால் இது தப்பான படம். எஞ்சின் முழுசாக இல்லை, சிம்னி வெட்டுப்பட்டிருக்கிறது, ஆள் குறுக்கே நிற்கிறார்கள், ஒருவர் தோள் எண்ணை மறைக்கிறது. டபிள்யூ.ஜி. என்பதும் 84 என்பதும் தெரிகின்றன, கடைசி இரண்டு இலக்கம் தோளுக்குப் பின்னால். அதாவது ‘தேசபந்து’வுக்குச் சற்றே இளைய தம்பி; சித்தரஞ்சனின் தொடக்கக் காலத்து எஞ்சின். இவ்வளவுக்கு அந்தப் பையனின் எண் ஜாதகம் எனக்கு உதவியது, அவனுக்கு நன்றி.

ஆனால் நிலம் இருக்கிறது. பின்னணியில் மலைச்சரிவு தெரிகிறது. பொழுது இருக்கிறது. கருப்பொருள் இருக்கிறது: ஒருவர் கையில் எண்ணெய்க் கேன், இன்னொருவர் தோளில் கரிபடிந்த துண்டு, தரையில் சாம்பல் மேடு. மாலை போட்டவர் மட்டும் வெள்ளைச் சட்டை. மற்ற ஆறு பேரும் வேலைக்கு நடுவில் ஓடி வந்தவர்கள் என்று உடையே சொல்கிறது. எஞ்சினும் அப்படித்தான், குளிக்காமல் நிற்கிறது. பாய்லரிலிருந்து ஆவி கசிந்து வலது ஓரத்து ஆளின் முகத்தைச் சற்று மழுங்கடித்திருக்கிறது. நிற்கும் எஞ்சினுக்கு உள்ளே நெருப்பு இருக்கிறது என்பதற்கு அந்த மழுங்கலே அத்தாட்சி. மாலை போட்டவர் கேமராவைப் பார்க்கவில்லை. அவருடைய இடக்கை பின்னால் போய் எஞ்சினின் கைப்பிடிக் கம்பியைப் பிடித்திருக்கிறது. பிள்ளைகள் அருங்காட்சியகத்தில் பிடிக்கும் அதே கம்பி. இவர் பிடித்திருப்பதில், விடப்போகிறோம் என்பது தெரிகிறது. உரிப்பொருள் வேறு எதைச் சொல்வது?

குறை ஒன்று உண்டு, பெரிய குறை. படத்தின் பின்பக்கம் வெறுமை. தேதி இல்லை, பெயர் இல்லை. நம் வீடுகளில் ஒரு டம்ளர் சீர் கொடுத்தாலும் பெயர் வெட்டிக் கொடுப்போம். என் கடை வாசலில் ஊசியும் சுத்தியலுமாகப் பெயர் வெட்டுகிறவர் உட்கார்ந்தே பழகிய கடை அது. பேரன் காலத்திலும் எடுத்துப் பார்த்தால் யார் கொடுத்தது, எந்த வருடம் என்று தெரியும். ஏழு பேர் நிற்கும் படத்தில் ஓர் எழுத்து இல்லை. கொடுத்த அம்மையாருக்குத் தம் மாமனாரை மட்டும் தெரியும். அவர்தான் மாலை போட்டவர்.

ஃபயர்மேன் அண்ணன் படத்தை வாங்கிக் கண்ணுக்கு அருகே வைத்துக்கொண்டார். வெகுநேரம் பேசவில்லை. பிறகு விரல் வைத்துச் சொல்லத் தொடங்கினார். எண்ணெய்க் கேன் வைத்திருப்பவர் ஃபிட்டர், காட்பாடிக்காரர். குள்ளமாக நிற்பவர் கிளீனர் பையன், பிற்பாடு பெங்களூரில் டிரைவர் ஆனார். துண்டு போட்டவர் ‘74-ல் வேலை போய், சில வருடம் கழித்துத் திரும்ப எடுக்கப்பட்டவர், நடுவில் அந்த வருடங்களில் வாணியம்பாடியில் தோல் மண்டியில் கூலி வேலை பார்த்தார். அப்படியானால் படம் எழுபதுகளின் கடைசியோ எண்பதுகளின் தொடக்கமோ ஆகிறது. இவ்வளவும் நான் உடனே பென்சிலால் பின்பக்கம் குறித்தேன். பேனா மை ஊறிவிடும், பென்சில்தான் நல்லது.

மலர் அட்டைக்கு மைசூரில் எடுத்த வண்ணப் படத்தைப் போடலாம் என்பது குழுவில் பலருடைய விருப்பம். அச்சில் அது எடுப்பாக இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். என் வாக்கு பூஞ்சை பிடித்த படத்துக்கு. எப்படி முடிவானாலும் உள்பக்கத்தில் அது பெரிதாக, வெட்டாமல், தெரிந்த பெயர்களோடு அச்சாகும் என்று உறுதி வாங்கியிருக்கிறேன். ஏழு பேரில் நால்வர் தெரிந்துவிட்டது. பின்வரிசையில் தலைப்பாகை கட்டிய இருவரையும், ஆவியில் முகம் மழுங்கிய வலது ஓரத்து ஆளையும் அண்ணனால் சொல்ல முடியவில்லை. அந்த வலது ஓரத்துக்காரருக்கு இடது கையில் இரண்டு விரல் மடங்கினாற்போல் இருக்கிறது, காயமாக இருக்கலாம். ஜோலார்பேட்டை ஷெட்டில் அப்படி ஒருவரை அறிந்த குடும்பம் நம்மில் இருந்தால், படம் என் கடையில் கல்லாவுக்குப் பின்னால் அலமாரியில் இருக்கிறது. வந்து பார்க்கலாம்.